ஆட்டத்துக்கு நடுவே வந்த செய்தி

பொன்னேரி கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் அர்ஷியா, பதினெட்டு வயதில் கம்ப்யூட்டர் துப்பாக்கிச் சண்டையில் குறி தவறாதவள் என்று சொன்னால் பழவேற்காட்டில் இன்று யாரும் நம்பமாட்டார்கள்.

கற்றுக்கொடுத்தவன் அண்ணன் சுஹைல். 2009இல் சவூதியில் தம்மாமுக்குக் கிடங்கு வேலைக்குப் போனபோது கம்ப்யூட்டரை அவளிடம் விட்டுப் போனான். போவதற்கு முன் இருவர் பெயரிலும் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டு வைத்தான். கேமை விட்டு வெளியே வர வேண்டாம்; இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் ஆட்டத்தின் மேலேயே சின்ன சாட் பெட்டி திறக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அவன் அங்கே ஒரு நெட் சென்டரில் உட்காருவான். இருவரும் சுட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். அத்தா அப்துல் ஹை கீபோர்டைத் தொட்டது ஒரே ஒரு முறை. ஒவ்வோர் எழுத்தாகத் தேடி 'சாப்ட்டியா' என்று மகனுக்கு அனுப்பினார். பதில் எழுதப் போய் சுஹைல் அந்த ஆட்டத்தில் சுடப்பட்டான். அத்தா விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிச் சுற்றில் பெட்டி திறந்தது. 'பாஸ்போர்ட்ட புடுங்கி வெச்சிக்கினாங்க. இங்க முடில. நான் வந்துடவா?'

அர்ஷியா படித்தாள். 'இரு, பின்னாடி ஒருத்தன் வரான் பாரு' என்று தட்டிவிட்டுப் பெட்டியை மூடினாள். ஜெயித்தார்கள். 'சூப்பர்' என்று எழுதிவிட்டு அவன் போய்விட்டான். மறுவாரம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

2013இல் அத்தா மௌத்தானார். அடக்கத்துக்குக்கூட சுஹைலால் வர முடியவில்லை. பாஸ்போர்ட் அப்போதும் முதலாளியிடம்தான் இருந்தது.

அதற்கு இரண்டு வருடம் கழித்து அந்த சாஃப்ட்வேரை மூடப்போவதாக மெயில் வந்தது. பழைய பேச்சுகள் வேண்டுமென்றால் உடனே இறக்கிக்கொள்ளலாம். அர்ஷியா மவுஸில் கை வைத்தாள், அழுத்தாமலே கையை எடுத்துவிட்டாள். அந்த ஒரு வரியை மறுபடி பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. எல்லாம் அழிந்தது.

சுஹைல் ஒருவழியாக ஊர் திரும்பிய வாரம் அவளிடம் கேட்டான்: "அத்தா டைப் பண்ணாரே, அத எடுத்து வெச்சிருக்கியா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "இல்லண்ணா. நானே போவட்டும்னு விட்டுட்டேன். நீ வந்துடவானு கேட்டது அதுல இருந்துச்சு. அன்னிக்கே அத்தாகிட்ட சொல்லியிருந்தா, ஏஜென்ட புடிச்சாவது உன்ன வரவெச்சிருப்பாரு."



"நீ படிச்சேனு எனக்குத் தெரியும்" என்றான். "அத்தா எழுதுனதயாவது எடுத்து வெச்சிருக்கலாம், அர்ஷி."

இப்போது அவன் மீஞ்சூரில் வேலை பார்க்கிறான். பெருநாளுக்கு வருகிறான், அவள் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுகிறான். அவளிடம் மட்டும் கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறான்.