இலைக்கு ஒரு எலும்பு

போன மாதம் ஈப்போவில் ஒரு கல்யாண விருந்து. குளிர்சாதன மண்டபம். வரிசையாக வெள்ளித் தட்டுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் பதார்த்தத்தின் பெயர் எழுதிய அட்டை. அதிலொன்று: ‘பலாக்காய் மட்டன், சைவம்’. மூடியைத் திறந்தேன். சோம்பும் பட்டையும் கலந்த ஆவி மூக்குக் கண்ணாடியில் படிந்தது. நல்லதாகப் போயிற்று, முகம் பாதி மறைந்தது. மீசை நரைத்த ஒருவன் சாப்பாட்டு வரிசையில் நின்று தனியாகச் சிரிப்பதைப் பார்த்தால் பின்னால் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

பலாக்காயை இப்படிப் பெயர் போட்டு வைத்துவிட்டார்களே என்றுதான் சிரித்தேன். நாங்கள் அதை மறைக்க என்ன பாடு பட்டோம்!

எழுபதுகளில் நானும் சன்னாசியும் ஈப்போவில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். இருவரும் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். ஒரு தொழிற்சாலை கேண்டீனில் அவன் சமையல்காரன். அங்கேயே நான் ஸ்டோர் கிராணி. கிராணி என்றதும் மேசை, நாற்காலி, மைப்பேனா என்று கற்பனை செய்ய வேண்டாம். பெட்டி எண்ணுகிற வேலை. அந்த வேலை மூளையைத் தொடவே தொடாததால், அதைச் சும்மா வைத்திருப்பானேன் என்று சீட்டு வித்தை பழகினேன்.

என் முதல் ரசிகன் சன்னாசி. ரசிகன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு வித்தை விடாமல் கண்டுபிடித்துவிடுவான்.

“மச்சான், நீ ஒளிக்கிற சீட்டையே பாத்துக்கிட்டு இருக்க. அப்பறம் நானும் அதத்தானே பாப்பேன்? வெங்காயம் வெட்டுறப்ப நான் வெங்காயத்தப் பாக்குறேனா? ஒங்கிட்டப் பேசிக்கிட்டேதானே வெட்டுறேன்?”

சீட்டுகளை விசிறி போல் விரித்து, “எது வேணுமோ எடுங்க” என்போம். எதிராளி தன் இஷ்டத்துக்கு எடுப்பதாக நினைப்பார். ஆனால் அவர் விரலடியில் நாம் தள்ளிய சீட்டைத்தான் எடுத்திருப்பார். பல நாள் பழகி, பெருமையாக இதை விளக்கினேன். சன்னாசி கொட்டாவி விட்டான்.

“இது என்னா பெரிய வித்தையா? மீனு மிஞ்சிப் போச்சுன்னா நான் என்னா சொல்லுவேன்? ‘கோழியும் இருக்கு, மீனு இப்பத்தான் எறக்குனேன்.’ எவனாச்சும் கோழி கேட்டிருக்கானா?”

நான் பலமுறை கேட்டு வாங்கித் தின்ற மீன்கள் எல்லாம் அந்தக் கணம் என் கண்முன் நீந்தின.

அவன் தங்கை மல்லிகாவுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளைக்கு ஊர் தைப்பிங். சம்பந்திக்கு இரண்டு லோரி ஓடுவதாகச் சொன்னார்கள். எங்கள் பக்கம் கல்யாணத்தன்று சைவம். மறுநாள் பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கறி விருந்து. கல்யாணத்தில் நடந்த குறையை மறந்துவிடுவார்கள், கறி விருந்தில் நடந்ததை மறக்கவே மாட்டார்கள். அப்பா இல்லாத வீடு. சன்னாசி பிடிவாதமாக நின்றான்: “என் தங்கச்சி விருந்த நாந்தான் ஆக்குவேன்.”

எத்தனை பேர் வருவார்கள் என்று ஆள் விட்டுக் கேட்டதற்கு, “ஒரு வேன்” என்று பதில் வந்தது. ஒரு வேனுக்குப் போதுமான ஆட்டை வாங்கினான்.

பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் அவர்கள் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் கூடாரம் போட்டு, பின்னால் அடுப்பு. நான் உதவிக்குப் போனேன், அதாவது புகை பட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். சொன்னது போல் ஒரு வேன்தான் வந்தது. இளவட்டங்கள் இறங்கி, உட்கார்ந்து, கறியை ஒரு கை பார்த்தார்கள். வேன் திரும்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. பெரியவர்கள் பத்து காஜா கோயிலில் இறங்கிச் சாமி கும்பிட்டுக்கொண்டு இருந்தார்களாம். சம்பந்தியோடு சேர்த்து இருபது பேர்.

குவாலிச் சட்டியின் அடியில் குழம்பு இருந்தது. துழாவினால் எலும்பு அகப்பட்டது. கறி இல்லை. பசாரில் கறிக்கடை மூடும் நேரம். ஆட்டுக்கறிக்கு அழைத்துவிட்டுக் கோழியை நீட்டவும் முடியாது. சன்னாசியின் அம்மா தலையில் கை வைத்தார். “சம்பந்தி எலையில கறி இல்லன்னா அந்தப் புள்ள அங்க காலம் பூரா பேச்சு வாங்குமேடா!”

மல்லிகா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதுத்தாலி, அழக்கூடாத நாள்.

சன்னாசி லயத்துக்குப் பின்னால் இருந்த பலா மரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். “மச்சான், சீட்டு வச்சிருக்கியா? முக்கா மணி நேரம் தாக்காட்டு.”

எனக்குத் தெரிந்தது ஐந்து வித்தை. ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். கணக்கு உதைத்தது. ஆனாலும் கூடாரத்துக்குப் போய்ச் சம்பந்தி முன் சீட்டை விரித்தேன். அவசரத்தில் நான் தள்ளிய சீட்டு நழுவ, அவர் வேறொன்றை உருவினார். “டைமன் ஏழு!” என்று முழங்கினேன்.

“இல்லையே, தம்பி.”

“கிளாவர் ராஜா?”

“அதுவும் இல்ல.”

கூடாரமே சிரித்தது. ஒரு பாட்டி சிரித்துச் சிரித்து வெற்றிலையைத் துப்பினார். வெற்றிகரமான வித்தைக்கு மூன்று நிமிடம்தான். தோல்விக்கு எல்லையே இல்லை. ஐம்பத்தொரு சீட்டை வரிசையாகத் தப்பாகச் சொல்லலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சொன்னேன். இலை போட்டாயிற்று என்று குரல் வரும் வரை சொன்னேன்.

சன்னாசியே பரிமாறினான். பேசிக்கொண்டே பரிமாறினான். இலைக்கு ஒரு எலும்பு, சுற்றிலும் குழம்பில் ஊறிய பலாப்பிஞ்சு. எலும்பைப் பார்த்த கண் மற்றதைக் கறி என்றே எடுத்துக்கொண்டது. “மாமா, தொடையா நெஞ்சா?” என்று கேட்டான். சம்பந்தி “நெஞ்சு” என்றார். இருந்த ஒரே பாத்திரத்திலிருந்து அள்ளி வைத்தான். அவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

புறப்படும்போது சம்பந்தி சன்னாசியின் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. அந்தக் கையை மெல்லத் திருப்பிப் பார்த்தார். விரலிடுக்கில் பிசின் ஒட்டியிருந்தது.

“லோரி வாங்குறதுக்கு முன்ன இருவது வருசம் பால் மரம் வெட்டுனவன், தம்பி. பாலு எனக்குத் தெரியும். இது ரப்பர் பாலு இல்ல.” குரலைத் தாழ்த்தினார். “தேங்கா எண்ண தேச்சுக் கழுவு, பலாப்பாலு போயிரும். கறி நல்லா இருந்துச்சு. மல்லிகா எங்க வீட்டுப் புள்ள, வெசனப்படாத.”

வேனில் ஏறிய பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, “இந்த மாதிரிக் கறி தைப்பிங்ல கெடைக்காதுலா!” என்றார். என் பக்கம் திரும்பி, இத்தனை நேரம் சட்டைப்பையில் வைத்திருந்த இஸ்பேட் ராணியைத் திருப்பிக் கொடுத்தார்.

மல்லிகாவிடம் இதைச் சொல்லவே கூடாது என்று அன்று நானும் சன்னாசியும் முடிவு செய்தோம். அவளைப் பொறுத்தவரை அண்ணன் எங்கேயோ கறி வாங்கி வந்து ஆக்கினான், எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

சம்பந்தி காலமாகிவிட்டார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். லயம் இருந்த இடத்தில் மாடி வீடுகள். பலா மரம் எந்த வீட்டுக் கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் போனதோ, போய்த் தேடினேன், தெரியவில்லை.

மண்டபத்தில், தட்டில் பலாக்காயோடு நின்றுகொண்டிருந்தேன். கல்யாணம் மல்லிகாவின் பேத்திக்கு. மல்லிகாவே வந்தாள்.

“என்னாண்ணே, கறி போட்டுக்கலயா?”

“இது போதும்மா. பலாக்காய்தான், கறி மாதிரியே இருக்கு.”

என் தட்டைப் பார்த்தாள். வரிசையில் பக்கத்து வெள்ளித் தட்டில் இருந்த நிஜ மட்டனைக் கரண்டியால் துழாவி, ஒரே ஒரு எலும்பை எடுத்துப் பலாக்காய்க்கு நடுவில் வைத்தாள்.

“இப்பச் சாப்புடுங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த விருந்தாளியைப் பார்க்கப் போனாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

இத்தனை வருஷமும் இவளுக்குத் தெரியும்! உடனே சன்னாசியிடம் சொல்லியாக வேண்டும் என்று போனை எடுத்து அவன் பெயரைத் தேடினேன். பெயர் இருந்தது. அவன் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது.