ரிக்காரன் வாயில் இரண்டு துளை

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட்டே வயிறு வளர்த்தவன் மாதேஸ்வரன். கம்ப்ரசர் இரைச்சலில் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. அவன் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீழ்க்கை அடித்தால்தான் வண்டியை இயக்கும் கந்தவேல் நிறுத்துவான்.

துளையிடும் இரும்பு ராடு ஒன்று முகத்தில் அடித்து மேல் முன்பல் இரண்டும் போனதோடு அந்தச் சீழ்க்கையும் போயிற்று. கழற்றி மாட்டும் பல்செட் வாங்கினான். முதல் சீழ்க்கையிலேயே அது பறந்து சேற்றில் விழுந்தது.

"சீக்கா இல்லாம இனி ராடு பக்கத்துல நிக்காதீங்க மாமா. எனக்குப் பயமா இருக்குது" என்றான் கந்தவேல். நிற்காவிட்டால் வேலை ஏது?

அக்கா வசந்தாமணி அவனை அஸ்தம்பட்டிப் பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்தாள். டாக்டர் சித்ரா எக்ஸ்ரேயைக் காட்டினார். "பக்கத்துப் பல்லோட சேர்த்துக் கட்டணும்னா அந்த நல்ல பல்லை ராவணும். இம்ப்ளாண்ட்ல அது வேண்டாங்க. எலும்புல துளை போட்டு ஒரு திருகாணியை இறக்குவோம். எலும்பு அதைப் பிடிச்சுக்கிட்டா, மேலே வைக்கிற பல்லு சொந்தப் பல்லாட்டம் நிக்கும். எலும்பும் சீக்கிரம் கரையாது."

துளை என்றதும், மண் சரிந்து ராடும் அதன் முனையில் துளைக்கும் பிட்டும் உள்ளேயே சிக்கிய கிணறுகளெல்லாம் அவன் கண்முன் வந்தன.

"ஏனுங்க டாக்டரம்மா, பிட்டு உள்ளே மாட்டிக்கிச்சுன்னா?"

"டேய், உன் மண்டை என்ன ஆயிரம் அடி ஆழமா?" என்றாள் அக்கா. அவன் தோளைப் பிடித்த கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.

பூசை போடாமல் ரிக்கில் பிட்டு இறங்காது. சட்டைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்தான். "இதை மிசினுக்கு அடியில வைக்கலாங்களா?"

"கையிலயே வச்சுக்குங்க."

ஊசி போட்டதில் வாய் மரத்துவிட்டது. வலியில்லை, சத்தம் மட்டுந்தான். சத்தத்தை வைத்தே கீழே பாறையா களியா என்று சொல்கிறவன் அவன். திடீரென்று சத்தம் இளகியது. பொந்து! அடுத்த நொடி வாய் நிறையத் தண்ணீர். காலமெல்லாம் தண்ணீரைக் கண்டால் துள்ளியவனுக்கு இப்போது உயிரே நின்றுவிடும்போல் இருந்தது. எங்கிருந்து வருகிறது? மூளையிலிருந்தா? கையிலிருந்த பழம் நசுங்கிச் சாறு முழங்கையில் வழிந்தது. முனகிக்கொண்டே எழப் பார்த்தான்.

"எலும்பு சூடாகக் கூடாதுன்னு நாங்க விடற தண்ணிங்க அது. வேகத்தைக் குறைச்சேன், அதான் சத்தம் மாறுச்சு. நீங்க பிட்டுக்குத் தண்ணி விடமாட்டீங்களா?"

விடுவான்தான். கண்ணைத் திறக்காமலே மறுபடி சாய்ந்துகொண்டான்.

எலும்பு திருகாணியைப் பிடிக்க மாதக்கணக்காயிற்று. பல் வைத்த பிறகும் முறுக்கைக் கடைவாயில்தான் கடித்தான். விரலை வாயருகே கொண்டுபோகவே பயம்.

வாழப்பாடிப் பக்கம் ஒரு தோப்பில் வேலை. மேலே ஏறிக்கொண்டிருந்த ராடின் கொக்கி சரியாக மாட்டவில்லை என்பதை அவன்தான் கண்டான். அடியில் கூடவேலை செய்யும் அங்கமுத்து குனிந்திருந்தான். கந்தவேல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். பல்லை நினைக்க நேரமில்லை. விரல் வாய்க்குப் போயிற்று. சீழ்க்கை தோப்பைக் கிழித்தது. ராடு அந்தரத்தில் நின்றது. அங்கமுத்து பதறி விலகினான்.

மாதேஸ்வரன் கட்டைவிரலால் பல்லை ஆட்டிப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டான்.

"சீக்கா அடிச்சேன்க்கா. பல்லு அசையவேயில்லை."

"அப்புறம் ஏன் சாமி உன் குரல் இப்படி ஆடுது?"