நொடிக்கு ஒரு கூர் அலை

தலையில் வயர் ஒட்டி மூளையின் அலைகளைப் பதிவு செய்யும் எங்களைப் போன்ற இ.இ.ஜி. டெக்னீஷியன்களுக்கு முதல் எதிரி எண்ணெய்தான். இந்த மெஷினோடு மல்லுக்கட்டும் சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா?

எண்ணெய்த் தலை

திருவையாற்றுப் பக்கத்திலிருந்து செல்வராஜ் என்ற விவசாயியைக் கூட்டி வந்தார்கள். நடவு வரைக்கும் நன்றாக இருந்தவர். களை எடுப்பதற்குள் சொந்த வயலுக்கே வழி மறந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கை கால் வெடுக் வெடுக்கென்று உதறியது. தலையிலோ எண்ணெய் வழிந்தது, ஒரு வயரும் ஒட்டவில்லை. இரண்டு முறை ஷாம்பு போட்டுக் கழுவினேன்.

அவர் மனைவி மல்லிகா வெளியிலேயே நின்றார். உள்ளே இருந்தது செல்வராஜின் அக்கா. யார் இவ்வளவு எண்ணெய் வைத்தது என்று எரிச்சலாகக் கேட்டேன்.

"நாந்தான் தம்பி. அந்த மல்லிகா சோத்துல மருந்து வச்சுத்தான் இவன் இப்படி ஆயிட்டான். அவளைக் கிட்டயே விடறதில்லை."

பல்ஸா, மூளையா?

நொடிக்கு ஒன்றாகக் கூர் அலைகள் வந்தன, அளந்து வைத்த மாதிரி. எங்கள் நரம்பியல் டாக்டர் பார்த்துவிட்டு, "பல்ஸ் கலந்திருக்கு, திரும்ப எடு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருடமாக இரண்டையும் பிரிக்கத் தெரியாமலா குப்பை கொட்டுகிறேன்? நாடியைத் தனியாகப் பார்க்க நெஞ்சிலும் ஒரு வயர் ஒட்டி மறுபடி எடுத்தேன். நாடி ஒரு கணக்கில் போனது, மூளை வேறு கணக்கில் போனது.

அதைப் பார்த்ததும் டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதினார். அதுவும் ஒத்துப்போனது. ப்ரியான் நோய், அந்தக் கூர் அலைகள் அதன் அடையாளம். மூளையில் ஒரு புரதம் உருக்குலைந்து, பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துக்கொண்டே போகும். குணப்படுத்த வழியில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் இதுதான் முதல் கேஸ். டாக்டர் என் தோளைத் தட்டினார்.

"பல்ஸுன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்ப்பா."

மூன்று முறை கேட்ட கேள்வி

குடும்பத்தை உட்காரவைத்து, இனி சில மாதங்கள்தான் என்றார் டாக்டர். "சோத்துல கலந்ததாலயா?" என்று அக்கா மூன்று முறை கேட்டார். மூன்று முறையும், "இல்லைம்மா, தானா வந்தது. யாரும் காரணமில்லை" என்பதுதான் பதில். அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சாயந்திரம் வார்டு வழியாகப் போனேன். மல்லிகா கட்டிலில் உட்கார்ந்து கணவர் கையைப் பிடித்திருந்தார். அந்தக் கை உதறும்போதெல்லாம் இவர் கையும் சேர்ந்து ஆடியது.

"இவரைத் தொட்டு இருபது நாளாச்சு தம்பி. இனிமே கடைசி வரைக்கும் நாந்தான் பார்த்துக்குவேன்."

பிழைக்க மாட்டார் என்று சொன்ன ஒரு ரிப்போர்ட்டுக்காகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன், இருந்துவிட்டுப் போகிறேன்.