ஒரே கட்சிக்குள் எதற்கு ஓட்டு?

போன சனிக்கிழமை காலை. தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் காலிங் பெல். திறந்தால் சுமதி, கையில் ஒரு கட்டு நோட்டீஸ்.

"ண்ணா, நவம்பர் தேர்தலுக்காக ஜூடிக்கு ஓட்டுக் கேட்டு வந்திருக்கேன். உங்களுக்குத்தான் ஓட்டு இல்லையே... கூட நடக்கறீங்களா?"

ஜூடிக்கா? ஜூன் மாதம் இதே சுமதியைத் தோற்கடித்த ஜூடிக்கா? எனக்குத் தலை சுற்றியது. உங்களுக்கும் சுற்ற வேண்டாமா... ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

சுமதிக்கு ஊர் ஈரோடு பக்கம். இங்கே பிளெய்ன்ஸ்பரோ என்கிற அமெரிக்க டவுனில் எங்களுக்கு நாலு பில்டிங் தள்ளி வீடு. அபார்ட்மென்டிலிருந்து ஸ்கூலுக்குப் போகும் ரோட்டில் நடைபாதை கிடையாது. குழந்தைகள் கார்களை ஒட்டி நடக்கிறார்கள். நம்மூர் பேரூராட்சி மாதிரியான டவுன்ஷிப் கமிட்டியில் இதைக் கேட்க ஆளில்லை. 'நானே நிக்கறேன்' என்று கிளம்பிவிட்டாள்.

"சீட்டு யாரும்மா தருவாங்க?" என்று கேட்டேன். நம் ஊரில் என்றால் தலைவர் வீட்டு வாசலில் சால்வையோடு நிற்கலாம். மறுநாள் பேப்பரில் பட்டியல் வரும். பேர் இல்லாதவர் அன்று மாலையே வேறு கட்சி!

"யாரும் தர மாட்டாங்கண்ணா. ஜனங்கதான் ஜூன்ல ஓட்டுப் போட்டுத் தரணும். ஜூடியும் கேக்கறாங்க, நானும் கேக்கறேன்."

"ஜூடி எதிர்க்கட்சியா?"

"எங்க கட்சிதான்."

"அப்புறம் எதுக்குச் சண்டை?"

"சண்டை இல்லண்ணா. ப்ரைமரி."

புரிந்த மாதிரி தலையாட்டினேன். நான் கிரீன் கார்டு ஆசாமி. ஓட்டு இல்லை, கார் இருக்கிறது. ஆகவே ப்ரைமரி அன்று ஆட்களை ஏற்றிப்போகும் வேலை எனக்கு.

முதல் சவாரி பக்கத்து வீட்டு ராமநாதன் சார். மருந்துக் கம்பெனி உத்தியோகம், புது சிட்டிசன். "நான் எந்தக் கட்சியிலும் மெம்பர் இல்லையேய்யா, உறுப்பினர் அட்டை கேட்டா?" என்று வழியெல்லாம் கவலை. அட்டை வேண்டாம், அங்கே போய்க் கட்சிப் பேரைச் சொன்னால் போதும் என்று சுமதி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

ஸ்கூல் ஜிம்தான் ஓட்டுச்சாவடி. உள்ளே ஒரு மேஜை. அதன் பின்னால் ஒரு பாட்டியம்மா. "எந்தக் கட்சி, சார்?" என்று இங்கிலீஷில் கணீரென்று கேட்டார்.

சார் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னால் ஒரு 'ஹலோ'. திரும்பினால் அவருடைய மேனேஜர்! எதிர்க்கட்சி ஸ்டிக்கரைக் கார் பம்பரில் ஒட்டிக்கொண்டு தினமும் ஆபீஸுக்கு வருகிற மனிதர்.

சார் பாட்டியைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். காரில் ஏதோ மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

"ரகசிய ஓட்டுங்கறான்... கட்சிப் பேரைச் சபையில கேக்கறான்! அடுத்த மாசம் எனக்கு அப்ரைசல்யா. வண்டியை எடு."

"சுமதிக்கு ஓட்டு?"

"இது உள்கட்சி விவகாரம். நிஜத் தேர்தல் நவம்பர்லதானே? குடும்பத்தோட வந்து அவளுக்கே குத்திடறோம்."

நியாயம்தானே என்று எனக்கும் பட்டது. பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பார்த்த நம்மூர்க்காரர்களும் 'நவம்பர்ல பாத்துக்கலாம்' என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

சுமதி தோற்றாள். வித்தியாசம் நாலைந்து கார் கொள்கிற ஜனம்தான்.

கோடையில் டி.வி.யில் ஜனாதிபதி வேட்பாளரை அறிவிக்கும் கட்சி மாநாடுகள். வசந்தத்தில் ஒருவரையொருவர் வறுத்தெடுத்தவர்கள் மேடையில் கட்டிப்பிடித்தார்கள். மேலேயிருந்து பலூன் கொட்டியது. "ஆள் யாருன்னு முன்னாடியே தெரியும். அப்புறம் எதுக்கு மாநாடு?" என்றார் ராமநாதன் சார். எனக்கு என்ன தெரியும்? பிரியாணிப் பொட்டலமாவது உண்டா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். அடுப்பை அணைத்துவிட்டு சுமதியோடு நடந்தேன். "கோபமே இல்லையா உனக்கு?"

"இருந்துச்சுண்ணா, ரெண்டு வாரம். நடைபாதைக்கு ஜூடி சரின்னுட்டாங்க. எதிர்க்கட்சிக்காரர் முடியாதுங்கறார். நான் வேற என்ன பண்ண?"

முதல் கதவு ராமநாதன் சாருடையது. நோட்டீஸை வாங்கிப் பார்த்தார்.

"உன் படம் எங்கம்மா?"

"நான்தான் ஜூன்ல தோத்துட்டேனே அங்கிள்."

"அது உள்கட்சியில. நவம்பர்ல உன் பேரும் இருக்கும்ல?"

"இருக்காது அங்கிள். ஜெயிச்சவங்க பேர் மட்டும்தான்."

"உனக்குன்னு வெச்சிருந்தேனேம்மா..." என்றார். சத்தியமாக வைத்திருந்தார். அதுதான் கஷ்டம்.

"வெச்சிருந்ததை ஜூடிக்குப் போட்டுடுங்க. பசங்க பத்திரமா நடக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கதவுக்குப் போனாள்.

பெண் பார்க்கும் நாளில் வாயைத் திறக்காதவர், முகூர்த்தத்தன்று மணமேடையில் வேறு பெண்ணைத் தேடினால் எப்படி? இத்தனை மாதக் குழப்பத்தில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்.

சார் வாசலிலேயே நின்று நோட்டீஸைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் — பின்பக்கத்திலாவது சுமதி இருக்கிறாளா என்று.