அக்காவுக்கு வந்த நரை

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் செய்வதுதான் என் பிழைப்பு. முன்பெல்லாம் மத்தாப்பு பிடித்துச் சிரிக்க யாரையாவது கெஞ்சிக் கூட்டிவந்து போட்டோ எடுக்க வேண்டும். இப்போது ஏஐயிடம் இரண்டு வரி சொன்னால் போதும், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஒருத்தி வந்து நிற்பாள். சில சமயம் அவள் கையில் ஆறு விரல் இருக்கும். "ஏலே, ஆறாவது வெரல வெட்டிட்டு அனுப்பு, லோடு நிக்குது" என்பார் முதலாளி. வெட்டிவிட்டு அனுப்புவேன். மற்றபடி அந்த மிஷினை மலைபோல நம்பியிருந்தேன்.

அக்கா அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிகளுக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். சாயந்திரம் கம்பெனி வேனில் இருந்து இறங்கும்போது, அலுமினியத் தூள் ஒட்டி விரல் நுனியெல்லாம் வெள்ளியாக மின்னும். காதோரத்து முடியிலும் படிந்திருக்கும். போனைத் தூக்கினாலே கத்துவாள். "கிறுக்குப் பயலே, குளிச்சிட்டு வாரேன், பெறகு எடு." குளித்ததும் நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள். மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட விருதுநகர் ஸ்டுடியோவில் நல்லதாக ஒன்று எடுக்கலாம் என்று அம்மா நச்சரித்தபோதும், "தீவாளி சீசன் முடியட்டும், கையில இருக்க வெள்ளி போகட்டும்" என்றாள்.

சீசன் முடிவதற்குள் ஆலையில் வெடிவிபத்து. ஆஸ்பத்திரியில் அக்காவைத் துணியால் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்தை மட்டும் காட்டுங்கள் என்று அம்மா எல்லாரையும் கும்பிட்டாள். நான்தான் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நான் பார்த்திருந்தேன். அதை எழுத மாட்டேன்.

கருமாதிக்கு ஒரு படம் வேண்டும் என்றாள் அம்மா. "கடைசியா மொகத்தக் காட்டாம விட்டுட்டீக. படத்துலயாவது எம்புள்ளயப் பாத்துக்கிறேன்லே." ஆதார் அட்டையில் இருந்தவள் எந்த ஊர்க்காரியோ. மிச்சம் இருந்தது, வேனில் இருந்து இறங்கி என்னைத் திட்டிக்கொண்டே வரும்போது நான் எடுத்த ஒன்று. மங்கிய வெளிச்சம், ஆடிப்போன படம், முகம் சுண்டுவிரல் நகத்தளவு.

அதை மிஷினிடம் கொடுத்து, பெரிதாக்கித் தெளிவாக்கச் சொன்னேன். காதோரம் மின்னிய தூளை அது நரை என்று எடுத்துக்கொண்டுவிட்டது. நரை என்றால் கிழவி, கிழவி என்றால் சுருக்கம் விழ வேண்டும், கன்னம் தொங்க வேண்டும். எல்லாவற்றையும் தானாகவே போட்டு, அறுபது வயதுப் பொம்பளை ஒருத்தியைக் கொடுத்திருந்தது. கூறுகெட்ட மிஷின். உலகத்துப் படங்களை எல்லாம் பார்த்துப் படித்ததாம், பட்டாசு ஆலையில் இருந்து வருகிறவள் தலையைப் பார்த்ததில்லை.

இது இளம்பெண் என்று சொல்லி மறுபடி செய்யச் சொன்னேன். தூளைத் துடைத்தது, முடியைக் கறுப்பாக்கியது, திட்டுகிற வாயைச் சிரிக்க வைத்தது. நான் தினமும் பெட்டிமேல் ஒட்டுகிற பெண்களில் ஒருத்தி வந்து நின்றாள். அதிகப்படி விரலை வெட்டத் தெரிந்த எனக்கு, காணாமல் போன அக்காவை எங்கே தேடுவது என்று தெரியவில்லை. ஆபீஸ் என்றும் பாராமல் அழுதேன்.

வேறு வழியில்லாமல் அந்த அழகியை அம்மாவிடம் போனில் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கா. யாருலே இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் விரல் பட்டுப் படம் நகர்ந்துவிட்டது. அந்தக் கிழவி வந்தாள். அம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

"அது தப்பா வந்ததும்மா. தலையில இருந்த தூள நரைன்னு நெனச்சிருச்சு."

"இருக்கட்டும்லே. அதே மொறைப்பு, அதே கோவம். வயசானாலும் என் சாடையில்ல வருது பாரு." முந்தானையால் போனைத் துடைத்தாள். "இதயே பெருசாப் போடு."

சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பேசுவார்கள் என்றேன்.

"பேசட்டும். அவ உசுரோட இருந்திருந்தாலும் இந்த வயசுல அவளப் பாக்க நான் இருந்திருக்க மாட்டேன். இப்பப் பாத்துட்டேன்ல."

அதையே சட்டம் போட்டு மாட்டினோம். கருமாதிக்கு வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், அம்மாவைப் பார்த்தார்கள், சாப்பிட்டுப் போனார்கள்.

போன வாரம் ஆலங்குளத்தில் இருந்து ஒரு பெண் பக்கத்து வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்தாள். வெயில் தாங்காமல் எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவள், மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்றாள்.

"ஒங்க கூடப்பொறந்தவுகளா? அப்படியே ஒங்க சாடை."

அம்மா செம்பில் தண்ணீர் மொண்டாள்.

"நல்லா வாழ்ந்த கட்டன்னு மொகத்தப் பாத்தாலே தெரியுது. கல்யாணச் சாவுதான? வெடி போட்டுத்தான எடுத்திருப்பீக?"

எங்கள் பக்கம் வயதாகிச் செத்தவர்களைத்தான் கொட்டடித்து, வெடி போட்டு அனுப்புவோம். அவள்மேல் தப்பில்லை. நான் எழுந்தேன். அம்மா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள். செம்பை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"ஆமா தாயி" என்றாள். "வெடியிலதான் போனா."

அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டு தண்ணீரைக் குடித்தாள்.