வம்பு வாய் திறந்த நாள்

அந்தப் பல் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் டாக்டரின் பெயர் தெரியாதவர்கள் உண்டு. கைபிடி அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக அங்கே உதவியாளர். கருவிகளைக் கழுவி ஆவியில் வேகவைப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, பல்லடைக்கும் சிமெண்டைக் குழைப்பது எல்லாம் அவள் வேலைதான். ஆனால் பேர் வாங்கித் தந்தது வேறு. நாற்காலியில் சாய்ந்ததுமே வெலவெலத்துப் போகிறவர்களின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "இடது கையைத் தூக்குனீங்கன்னா டாக்டர் அந்த நிமிஷமே நிறுத்திடுவாரு. அதுக்கு நான் பொறுப்பு" என்பாள். சொன்னபடி நிறுத்தவும் வைப்பாள். ஒருமுறை டாக்டர், "இதோ, ஒரே செகண்ட்" என்று இழுத்தபோது தலைக்கு மேலிருந்த விளக்கையே பட்டென்று அணைத்துவிட்டாள். டாக்டருக்கு முகம் சிவந்தது. ஆனால் கருவியைக் கீழே வைத்துவிட்டார். அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டால் பாதிக் கூட்டம் அவள் பின்னாலேயே போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

இப்படி ஊரார் பயத்தையெல்லாம் கையில் வாங்கி வைத்திருந்தவளின் வீட்டுக்குத்தான் வம்பு வந்து சேர்ந்தது.

வம்பு என்பது நாய். அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். பணிமனையில் அவருடைய பேருந்துக்கு அடியில்தான் அது படுத்திருக்கும். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். பழைய கொட்டகையை இடிக்க இயந்திரம் வந்த நாளில் மற்ற நாய்களெல்லாம் சிதறி ஓட, இது மட்டும் டயருக்குப் பின்னால் ஒண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"எல்லாரும் வம்பை விலை கொடுத்து வாங்குவாங்க. நமக்குச் சும்மாவே கிடைச்சிருக்கு" என்று வாசலில் நின்று சிரித்தார். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

பதினைந்து நாள் சமத்தாக இருந்தது. பதினாறாம் நாள் தன் சொரூபத்தைக் காட்டியது. தெருவில் இன்னொரு நாயின் வால் நுனி தெரிந்தால் போதும், பின்னங்காலில் எழும்பி நின்று, கழுத்து நெரிய நெரியக் குரைக்கும். நாய் மட்டுமா? சைக்கிள், தலைக்கவசம் போட்டவர், குடையை விரிப்பவர், யாராக இருந்தாலும் சரி. அவர்கள் குடியிருந்தது இரண்டாம் மாடி. கீழ்வீட்டு அம்மாளிடம் வெள்ளையாக, பஞ்சுப்பொதி மாதிரி ஒரு குட்டி நாய் இருந்தது. ஒருநாள் காலை படிக்கட்டு முனையில் இரண்டும் நேருக்கு நேர் வந்துவிட்டன. வம்பு பாய்ந்த வேகத்தில் கயிறு கையை அறுத்துக்கொண்டு போக, அக்கா மூன்று படி சறுக்கி முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். பஞ்சுப்பொதிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கீழ்வீட்டு அம்மாள் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னதில் நியாயம் இருந்தது.

"இன்னொரு தடவை இப்படி நடந்தா நான் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுவேன். எனக்கு உங்கமேல கோபம் இல்ல. ஆனா என் குட்டி தாங்காதும்மா."

பணிமனையில் எல்லாரும் யோசனை சொன்னார்கள். "இடம் குடுத்தா தலைமேல ஏறிடும். குரைச்சா கயித்தைச் சுண்டி இழுத்து ஒரு அதட்டு போடுங்க. யாரு எஜமான்னு தெரியணும்" என்றார் ஒரு மூத்த ஓட்டுநர். அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் வேறு வழி தெரியாமல் செய்தாள். சுண்டினாள், அதட்டினாள், உறுமினால் மூக்கில் தட்டினாள். மூன்றே நாளில் வம்பு உறுமுவதை நிறுத்தியது. கணவர் வெற்றிக் களிப்பில் அதன் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சப் போனார். சத்தமே இல்லாமல் அவர் கையைக் கவ்விவிட்டு, உடனே விட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

இரண்டு பல் பதிந்த தடம். பெரிய காயமில்லை. ஆனால் அன்று இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

"ஏம்மா, திரும்பக் கொண்டுபோய் விட்டுடலாமா?" என்றார்.

"எங்கேங்க விடறது? கொட்டகைதான் இல்லையே" என்றாள்.

அடுத்த வாரம் மருத்துவமனையில் அது நடந்தது. கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஓர் ஆள் வந்தார். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் ஆரம்பித்துவிட்டார். "எவ்வளவு நேரம்யா உட்கார வைப்பீங்க? மனுசனுக்கு வேலைவெட்டி இல்லைன்னு நினைச்சீங்களா?" பத்திரிகையைத் தூக்கி மேசையில் அறைந்தார். காத்திருந்தவர்கள் ஒடுங்கிப்போனார்கள். வரவேற்பில் இருந்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா உள்ளேயிருந்து வந்து பார்த்தாள். அவர் வாயை அவள் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். கட்டைவிரல் நடுங்கிக்கொண்டிருந்தது. நேராக எதிரே போய் நிற்காமல், பக்கத்து நாற்காலியில் ஓர் இடம் விட்டு உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்.

"ஊசின்னா பயமாங்க?"

அந்த மலை அப்படியே சரிந்தது. "சின்ன வயசுல கையைக் காலைக் கட்டிப் புடுங்குனாங்கம்மா" என்றார், குழந்தை மாதிரி.

பல்லைப் பிடுங்கி அவரை அனுப்பிவிட்டு, கையுறையைக் கழற்றும்போதுதான் அவளுக்குப் பொட்டில் அடித்த மாதிரி உறைத்தது. இந்த மனுஷனை ஒரே பார்வையில் புரிந்துகொண்டேனே, வீட்டில் இருக்கிற வாயில்லா ஜீவனை ஏன் ரௌடி என்று நினைத்தேன்? இவரை யாராவது கழுத்தைச் சுண்டி அதட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அறைந்துவிட்டுப் போயிருப்பார். வம்பும் அதைத்தானே செய்தது?

அன்றே கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டாள். அவளைவிடப் பதினைந்து வயது இளைய பெண், பொறுமையாகக் கேட்டாள். "உறுமறதை மட்டும் தடுக்காதீங்க. 'கிட்ட வராதே'ன்னு அது நாகரிகமா சொல்ற ஒரே வழி அதுதான். அதையும் புடுங்கிட்டா நேரா பல்லுதான் பேசும். எவ்வளவு தூரத்துல அதால சும்மா இருக்க முடியுதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. அங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்."

மறுநாளிலிருந்து அக்கா, நோயாளியைப் பார்க்கிற கண்ணோடு நாயைப் பார்க்கத் தொடங்கினாள். பார்த்தால், அது குரைப்பதற்கு முன்னால் எத்தனையோ சொல்லிக்கொண்டிருந்தது! உதட்டை நக்கியது. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டது. முன்னங்கால் ஒன்றை லேசாகத் தூக்கியபடி கல்லாய் உறைந்தது. அத்தனையும் நாற்காலியில் இருப்பவர் இடது கையைத் தூக்குவது போலத்தான். யாரும் நிறுத்தாததால் கடைசியில் கத்தியிருக்கிறது.

தூரத்தை அடியால் அளந்தாள். நாற்பத்து மூன்று அடிவைப்பு. அதற்கு அப்பால் வேறு நாய் நின்றால் வம்பு பார்க்கும், குரைக்காது. அது பார்த்த அந்தக் கணத்தில் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று வாய்க்குப் போகும். பார்த்தால் கோழி, பார்த்தால் கோழி. உதட்டை நக்க ஆரம்பித்தால் பேச்சில்லாமல் திரும்பி நடை. "நாய் வளர்க்கறியா, நாய்க்கு விருந்து வைக்கறியா?" என்று கணவர் கேலி செய்தாலும், கோழியை வேகவைத்துத் துண்டு போட்டு டப்பாவில் அடைத்துவைத்தவர் அவர்தான். ஜன்னலின் கீழ்ப்பாதிக்குக் காகிதம் ஒட்டினார்கள். தெருவைப் பார்த்துப் பார்த்து நாளெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது ஓய்ந்தது. கீழ்வீட்டு அம்மாளோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள்: யார் நாயோடு கிளம்பினாலும் மற்றவருக்கு ஒரு மிஸ்டு கால். படிக்கட்டில் மோதல் நின்றது.

எல்லா நாளும் ஏறுமுகமாக இல்லை. ஒருநாள் மூலையில் திடீரென்று ஒரு சைக்கிள் திரும்ப, மூன்று வார உழைப்பும் தெருவில் சிந்தியது. அன்று அவள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். அடுத்த இரண்டு நாள் வெளியே போகவே இல்லை. வீட்டுக்குள்ளேயே பழைய துணிகளில் கோழித் துண்டைச் சுற்றி ஒளித்துவைத்து மோப்பம் பிடிக்க விட்டாள். மூன்றாம் நாள் நாற்பத்து மூன்று, அறுபதாகியிருந்தது. சரி, அறுபதிலிருந்தே தொடங்குவோம் என்று தொடங்கினாள்.

அப்படி உள்ளே விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தாள். வம்பு எதையும் இடது பக்கமாகவே கடித்தது. கொஞ்சம் கெட்டியான துண்டு வலது பக்கம் போனால் கீழே போட்டுவிட்டு, தலையைச் சாய்த்து மறுபடி எடுத்தது. அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு?" என்று ஓடிவந்தார் கணவர்.

"அதுக்குப் பல்வலிங்க! ஊர்ல உள்ள வாயெல்லாம் பார்த்துட்டு வர்றேன், என் வீட்டு வாயைப் பார்க்கலையே! நீங்க அன்னிக்கு வலது கன்னத்தைத்தானே கிள்ளுனீங்க?"

அவர் தன் கையிலிருந்த தழும்பைப் பார்த்தார். "அப்போ எனக்கு அது தேவைதான்" என்றார்.

அது மென்று தின்னும் காட்சியைப் படம் பிடித்து அனுப்பினாள். மருத்துவர் வலிக்கு மருந்து கொடுத்தனுப்பி, "ரெண்டு வாரம் எடுத்துக்குங்க. வாயைத் தொட விடப் பழக்கிக் கூட்டிட்டு வாங்க. கட்டிப்போட்டுப் பார்க்க எனக்கும் இஷ்டமில்ல" என்றாள்.

கட்டிப்போட்டு என்ற சொல் அக்காவின் காதில் ஊசிக்குப் பயந்த அந்த ஆளின் குரலில் விழுந்தது. இந்த வாய்க்கு அது நடக்கக் கூடாது.

அந்த இரண்டு வாரமும் சமையலறைத் தரைதான் பல் மருத்துவமனை. மடியில் மடித்த துண்டு. வம்பு தானாக வந்து துண்டில் தாடையை வைத்தால் ஆரம்பம். தாடையை எடுத்தால் அந்த நொடியே எல்லாம் நிற்கும். முதலில் விரல் கன்னத்தின் பக்கம் போனாலே எடுத்துக்கொண்டது. "சரி, நிறுத்திட்டேன்" என்று இரண்டு கையையும் விலக்கிக்கொள்வாள். ஒரு நாளில் முப்பது தடவை விலக்கினாள். நான்காம் நாள் வம்பு ஒரு சோதனை வைத்தது: வேண்டுமென்றே தாடையை எடுத்துவிட்டு, அவள் நிறுத்துகிறாளா என்று கடைக்கண்ணால் பார்த்தது. நிறுத்தினாள். மறுபடி வைத்தது. மறுபடி எடுத்தது. நிறுத்தினாள். அதற்கப்புறம் அது எடுப்பது குறைந்துபோயிற்று. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று தெரிந்தவருக்கு நிறுத்தத் தோன்றுவதில்லை. நாற்காலியிலும் அவள் கண்டது அதுதான். கடிக்காமலிருக்க நாயின் முகத்தில் மாட்டும் வாய்க்கூட்டுக்குள் பிசைந்த முட்டையைத் தடவிவைக்க, அதற்குள் தானே மூக்கை நுழைத்துக்கொள்ளவும் பழகியது. பன்னிரண்டாம் நாள் அவள் விரல் உதட்டைத் தூக்கியது.

கால்நடை மருத்துவரிடம் போன அன்று மதியம், கூட்டமில்லாத நேரம். காத்திருக்கும் அறைக்குள் போகவே இல்லை. பின்வாசல் மரத்தடியில் நின்றார்கள். மருத்துவர் போனில் கூப்பிட்டதும் உள்ளே போனார்கள். வழுக்கும் மேசை வேண்டாம் என்று அக்கா தரையிலேயே துண்டை விரித்து உட்கார்ந்தாள். வம்பு மூலை முடுக்கெல்லாம் மோப்பம் பிடித்தது. மருத்துவரின் செருப்பை முகர்ந்தது. உதட்டை நக்கியது. "கொஞ்சம் தள்ளி உட்காருங்க டாக்டர்" என்றாள் அக்கா. மருத்துவர் தள்ளி உட்கார்ந்தாள். சுவரோரம் நின்ற கணவர் மூச்சைக்கூட நிறுத்தி நிறுத்தி விட்டார்.

வம்பு நடந்துவந்தது. நீட்டிய வாய்க்கூட்டுக்குள் தானே மூக்கை நுழைத்துக்கொண்டு, தாடையைத் துண்டில் வைத்தது.

அக்கா வாய்க்கூட்டின் வழியே விரலை நுழைத்து வலது மேலுதட்டைத் தூக்கினாள். மருத்துவர் அருகே வந்து விளக்கடித்துப் பார்த்தாள். ஒருமுறை தாடை எழுந்தது. இருவரும் கையை எடுத்தார்கள். வம்பு பெருமூச்சு விட்டுவிட்டு, "சரி பாருங்க" என்கிற மாதிரி மறுபடி வைத்தது.

"மேல் கடைவாய்ப் பல். வேர் வரைக்கும் பிளந்திருக்கு. எத்தனை மாசமா இதோட இருந்துதோ" என்றாள் மருத்துவர். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, "நான் இந்தத் தொழில்ல பார்த்த சாந்தமான நாய்ங்ககூட இப்படி வாயைக் காட்டுனதில்லக்கா" என்றாள்.

அக்கா வம்பின் மடிந்த காதை நீவிக்கொண்டிருந்தாள். கணவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "எங்க வம்பு, டாக்டர்! எங்க வம்பு!" என்று கதவுக்கு வெளியே போய் நின்று மரத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மயக்க மருந்து கொடுத்துப் பல்லை எடுத்தார்கள். வலி போனதும் பாதி வம்பு குறைந்தது. மீதிப் பாதிக்குக் கோழியும் பொறுமையும்தான். அறுபது முப்பதாகி, முப்பது பதினைந்தானது. ஒருநாள் கீழ்வீட்டு அம்மாள் தானே கேட்டாள்: "தெருவுக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நாங்க. சேர்ந்து நடந்து பார்ப்போமா?" நடந்தார்கள். இரண்டும் இன்றுவரை கொஞ்சிக்குலாவவில்லை. ஒன்றையொன்று கண்டும் காணாமலும் போகும் தூரத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி நடந்தன. அது போதும் என்றாள் அக்கா.

போன மாதம் ஒரு காலை. கடைத்தெரு முனையில், பத்தடிக்குள், ஒருவர் இரண்டு பெரிய நாய்களோடு திரும்பினார். பின்னால் மணியடித்துக்கொண்டு ஒரு சைக்கிள். ஒதுங்க இடமில்லை. வம்பின் முதுகு முடி எழுந்தது, உடல் விறைத்தது. அக்கா கயிற்றை இழுக்கவில்லை, டப்பாவையும் திறக்கவில்லை. அதற்கு அவகாசமும் இல்லை. வம்பு அந்த நாய்களைப் பார்த்தது. அப்புறம், யாரும் கூப்பிடாமல், தானாகத் தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தது. "பார்த்தியா, நான் குரைக்கல" என்று கேட்கிற கண். நாய்கள் கடந்தன. சைக்கிள் கடந்தது. டப்பாவில் இருந்த கோழி முழுவதும் அங்கேயே, நடுத்தெருவில், அதன் வாய்க்குப் போயிற்று.

அதே நேரம் சிக்னலில் நின்றிருந்த நகரப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் அவள் கணவர் இருந்தார். ஹாரன் அடிக்கக் கை பரபரத்தது. நாய் மிரண்டுவிடுமே என்று கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். அடக்கமாட்டாமல் பின்னால் திரும்பி, வேலைக்குப் போகும் அவசரத்தில் நின்றுகொண்டிருந்த அத்தனை பேரிடமும் சொன்னார்.

"அந்தப் பழுப்பு நாயைப் பாருங்க. எங்க வீட்டு நாய். ரெண்டு நாயையும் ஒரு சைக்கிளையும் சும்மா போக விட்டுடுச்சு!"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, முன்வரிசையில் இருந்த ஒருவர் கைதட்டினார். அவரைப் பார்த்து நாலு பேர் தட்டினார்கள். சிக்னல் பச்சைக்கு மாறிய பிறகும் பேருந்து சற்று நேரம் அங்கேயே நின்றது.