பாட்டுக்கு அடியில் நான் சொன்னது

என் அண்ணன் மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியச் சடங்கு வீடியோவில் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம் வந்ததும் ஒரு சினிமாப் பாட்டுத் தொடங்கிவிடும். என் வாய் அசைவது தெரியும். பக்கத்தில் நிற்கும் சுவிஸ் பெண்ணின் வாயும் அசையும். சத்தம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் பாட்டுப் போடச் சொன்னவர் அண்ணன்.

அந்தச் சுவிஸ் பெண் எங்கள் கன்டோனின், அதாவது மாநிலத்தின், பாராளுமன்ற உறுப்பினர். நான் உடுப்புத் தோய்க்கும் முதியோர் இல்லத்தில் தாதியும் அவர்தான். கன்டோன் பாராளுமன்றம் இங்கே முழுநேர வேலை இல்லை. கூட்டம் இருந்தால் போவார், இல்லாவிட்டால் எங்களோடு நின்று வேலை செய்வார். பள்ளிக்கூடக் கழிப்பறைகளில் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாக மாதவிடாய்ப் பாட் வைக்கவேண்டும் என்று அவர் பிரேரணை கொண்டுவந்தது பத்திரிகையில் வந்தபோது, இடைவேளை அறையில் சமையற்கார ஆண்கள் இரண்டுபேர் பகிடி விட்டார்கள். அவர் கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, "நாளைக்குக் கழிப்பறைக் கடதாசியை உங்கள் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள், பார்ப்போம்" என்றார். அவர்கள் சமையலறைக்குத் திரும்பினார்கள். நான் என் சாப்பாட்டுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில கிழமைகளில் அண்ணன் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அண்ணனும் அவர் மனைவி, என் மச்சாளும் வேலையில். போய்ப் பார்த்தால் பிள்ளை உடற்பயிற்சி மண்டபத்தில், சுவரோரம் கிடந்த நீள மர வாங்கில், ஜாக்கெட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"மாமி, கழிப்பறையில ஒண்டும் இல்லை. கடதாசிதான் மடிச்சு வச்சனான். எழும்ப ஏலாமக் கிடக்கு."

மற்றப் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகும்வரை நானும் அந்த வாங்கில் அவளோடு இருந்தேன்.

மச்சாளுக்கு நான் சொன்னேன், மச்சாள் அண்ணனுக்குச் சொன்னார். அடுத்த நாளே அண்ணன் ஓஸ்டர்முண்டிகன் ஊரில் சடங்குக்கு மண்டபம் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இதை நான் தாதிக்குச் சொன்னபோது அவர் கண்ணை விரித்தார். "ஒரு பெண்ணின் முதல் மாதவிடாய்க்குக் கார்ட் அடித்து ஊரைக் கூப்பிடுகிறீர்களா? எங்கள் சபையில் அந்தச் சொல்லைச் சொன்னதற்கே பாதிப்பேர் மேசையைப் பார்த்தார்கள். உங்களிடம் நாங்கள் படிக்கவேண்டும்."

இல்லை என்று நான் சொல்லியிருக்கவேண்டும். எங்கள் வீட்டில் பாட் பெட்டி சலவைத்தூளுக்குப் பின்னால் இருக்கும். அந்த நாட்களில் சாமி அறைப்பக்கம் போகமாட்டோம். கேட்டால் "சுகமில்லை" என்போம். ஊரில் எனக்குச் சுகாதாரம் படிப்பித்த ரீச்சர்கூட அந்தப் பாடம் வந்ததும் வீட்டில் வாசிக்கச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனவர். இதையெல்லாம் சொல்ல எனக்கு வெட்கம். சும்மா தலையாட்டினேன்.

தாதிக்கும் விழாவுக்கு வர விருப்பம் என்று அறிந்ததும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்லிமென்ட் மனுசி எங்கட விழாவுக்கு வாறதெண்டால் சும்மாவோ? அவவை விசேட விருந்தினரா மேடையில ஏத்துவம். நீ மொழிபெயர்."

"அண்ணை, எனக்கு மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. அவ என்ன கதைப்பாவோ தெரியாது."

"அவ என்னத்தையும் கதைக்கட்டும். நீ, பிள்ளை நல்லாப் படிச்சுப் பெரிய ஆளா வரவேணும் எண்டு வாழ்த்துறா எண்டு சொல்லிப்போட்டு இறங்கு. ஆருக்கு விளங்கப்போகுது?"

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அந்த ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. மாமி என்ற முறையில் ஆலாத்தி எடுத்து முடித்தேன். பிள்ளை பட்டுச்சேலையும் நகையுமாகப் பெரிய கதிரையில் இருந்தாள். பொன்னாடை போர்த்தியதும் தாதி மைக்கை வாங்கினார். எங்களுக்காக மெதுவாக, பள்ளிக்கூட டொச்சில், சுத்தமான ஜேர்மன் மொழியில் பேசினார். வணக்கம் சொன்னார், சாப்பாட்டைப் புகழ்ந்தார். பிறகு, ஒரு பெண்ணின் முதல் இரத்தத்துக்காக இத்தனைபேர் அழகாக உடுத்து வந்திருப்பதைத் தன் வாழ்க்கையில் முதற்தடவையாகப் பார்ப்பதாகச் சொன்னார்.

முன்வரிசையில் பெரியவர்கள் ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால், பிள்ளைகள் இருந்த மேசைகளில், எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. அவர்கள் இங்கே பிறந்தவர்கள். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. பெடியள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்தார்கள். பிறகு தாதியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள், இந்த மனுசி இப்போது என்ன சொல்லப்போகிறாள் என்று.

ஆருக்கு விளங்கப்போகுது என்று கேட்ட அண்ணன் இவர்களை மறந்துவிட்டார். நானும் மறந்துதான் போனேன்.

தாதி தன் பிரேரணையைப் பற்றியும் பேசி முடித்து மைக்கை என்னிடம் தந்தார். அண்ணன் முன்வரிசையிலிருந்து கையைக் காட்டினார், சுருக்கமாக முடி என்று. நான் பிள்ளையைப் பார்த்தேன். அவ்வளவு நகைக்குள்ளும் அதே வாங்கில் இருந்த மாதிரியே இருந்தாள். எழும்ப ஏலாமல். பாடமாக்கிய வசனத்தைச் சொன்னால் நான் ஒளிக்கிறேன் என்று அவளுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். ஒளிக்கவேண்டிய ஒன்றுதான் தனக்கு வந்திருக்கிறது என்றும் தெரிந்துவிடும். மறுபக்கம், எனக்கு இந்த நாட்டில் சொந்தமென்று இருப்பது அண்ணன் குடும்பம் மட்டும்.

மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்தேன். சொன்னேன், தாதி சொன்னபடியே, ஒரு சொல்லும் விடாமல்.

முன்வரிசையில் சிரிப்பு நின்றது. பிறகு குழந்தைகளோடு இருந்த இளம் தாய்மாரின் மேசையில் யாரோ கைதட்ட, அது அங்கங்கே பரவியது. முன்வரிசைக்கு வரவில்லை. நான் மேடையை விட்டு இறங்கும்போது மச்சாளின் சித்தி கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏனடி, இவ்வளவு காலமும் வாய்க்குள்ள கொழுக்கட்டையே வச்சிருந்தனி?"

திட்டினாரா பாராட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையை மட்டும் கனநேரம் விடவில்லை.

அண்ணன் என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "ஆம்பிளையள் இவ்வளவு பேர் இருக்கிற இடத்தில உனக்கு வெக்கமில்லையோ?"

"ஆம்பிளையளைக் கூப்பிட்டது நீங்கள்தானே அண்ணை. கார்ட் அடிச்சு."

என் வாழ்க்கையில் அவருக்கு நான் எதிர்த்துச் சொன்ன முதல் பேச்சு அது. அவர் திரும்பிப் போய்விட்டார். அதன்பிறகு என் அழைப்பை அவர் எடுப்பதில்லை. வீடியோவை மச்சாள்தான் கொண்டுவந்து தந்தார்.

தாதியின் பிரேரணை அந்தமுறை தோற்றது. திரும்பவும் கொண்டுவரப் போகிறார். எங்கள் ஆட்களிடம் கையெழுத்து வாங்கித் தரமுடியுமா என்று கேட்டார். வாங்கிக்கொண்டிருக்கிறேன். கதவைத் திறப்பவர் ஆணாக இருந்தாலும் விளங்கப்படுத்திவிட்டுத்தான் பேனையை நீட்டுகிறேன்.

இதை எழுதலாமா என்று அண்ணன் மகளிடம் கேட்டேன். "ஜாக்கெட் கதையையும் எழுதுங்கோ மாமி" என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். வீடியோ வைத்திருப்பவர்கள் அந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு இதை வாசியுங்கள். வணக்கத்தையும் சாப்பாட்டையும் பற்றிச் சொன்ன பிறகு நான் சொன்னது இதுதான்:

"இந்தப் பிள்ளைக்கு முதல்முதல் மாதவிடாய் வந்திருக்கு. இரத்தம். அதுக்காகத்தான் நாங்கள் எல்லாரும் இண்டைக்கு உடுத்து வந்திருக்கிறம். அது ஊத்தையில்லை, நோயும் இல்லை. இதைக் கொண்டாட மண்டபம் பிடிக்க ஏலுமெண்டால், பள்ளிக்கூடக் கழிப்பறையில கடதாசி இருக்கிற மாதிரி ஒரு பாட் பெட்டியும் இருக்கவேணும் எண்டு கேட்க ஏலாதோ? நாளைக்கு ஒரு பிள்ளையும் வாங்கில எழும்ப ஏலாம இருக்கக்கூடாது."

கடைசி வசனம் தாதி சொன்னதில்லை. அது என்னுடையது.